முகவரி தவறிய எச்சரிக்கை

மலைநாட்டில் மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் ஒருமுறை சென்று வந்தோர் இதனை உடனே ஒப்புக்கொள்வர். நள்ளிரவில் தோட்டத்து லயத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டால், அவளைப் பதுளை வைத்தியசாலையிற் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் அயலிலுள்ள வாடகைக் காரோ வானோதான். கலியாணத்துக்கும், கோயில் திருவிழாவுக்கும், பிள்ளைகளின் பரீட்சைக்கும் அதே வண்டிதான். ஆகவே அதன் நலம் சொந்தக்காரரின் நலம் மட்டுமன்று, ஊரின் நலமுமாகும்.

பாதையின் ஆபத்துகளை நாம் நன்கறிவோம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் மைல்கல்லருகே பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்களைப் பலிகொண்டதை ஊவா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வளைவும் பள்ளமும் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றுக்கு அஞ்சி நடக்கிறோம். ஆனால், உயிர் காப்பதற்கென்றே வண்டிக்குள் வைக்கப்பட்ட பொருள் உயிரைக் குடிக்கக் காத்திருக்குமானால் அதனை யார் அறிவார்?

சென்ற ஆண்டு ஆயுத பூசையன்று எம்மிடம் படித்த மாணவரொருவர் புதிதாக வாங்கிய காரை எம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மடுல்சீமையில் வாடகைக்கு ஓட்டுவதற்காக வாங்கியது. அவருக்குத்தான் புதியது, ஜப்பானில் ஓடி, இலங்கைக்கு வந்து, நான்கு கைகள் மாறிய வண்டி அது. சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, சக்கரங்களில் எலுமிச்சம்பழம் நசுக்கியிருந்தார்.

“கண்ணூறும் கழித்தாயிற்று, சேர். இனி ஒரு பயமும் இல்லை” என்றார்.

“எல்லாம் சரி, தம்பி. இந்த வண்டியைக் கம்பனி திருப்பி அழைத்திருக்கிறதா என்று விசாரித்தீரா?” என்று கேட்டோம்.

அவர் திகைத்தார். “பத்துப் பதினைந்து வருஷம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய வண்டி, சேர். இனி எதற்குத் திருப்பி அழைக்கப் போகிறார்கள்?”

அவர் கேட்ட கேள்வி பலருடைய உள்ளத்திலும் இருப்பது. ஆதலின் விடையைச் சற்று விரிவாகவே கூறுவோம்.

விற்பனையான வண்டிகளில் உயிருக்கு ஊறு செய்யத்தக்க குறையொன்று இருப்பது பின்னர் தெரியவந்தால், அவற்றை மீள அழைத்து, தன் செலவிலேயே அக்குறையை நீக்கிக் கொடுப்பது உற்பத்தியாளரின் கடமை. அமெரிக்காவில் 1966இல் இதற்கு அடிப்படையான சட்டம் பிறந்தது. ஜப்பானில் 1969இல் இம்முறை ஏற்பட்டது. இவ்வாறு அழைக்கப்பட்டவற்றுள் உலகம் கண்ட மிகப் பெரியது, தகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளைப் பற்றியதாகும்.

காற்றுப்பை, சுக்கானின் நடுவிலும் முன்னிருக்கைக்கு எதிரேயும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வண்டி மோதியதும், கண்ணிமைப்பதற்குள் அது ஊதிப் பெருத்து முகத்தையும் மார்பையும் தாங்கும். அதனை ஊதுவதற்குச் சிறியதோர் உலோகக் குப்பியில் இரசாயன வில்லைகள் உள்ளன. தகாட்டா நிறுவனம் பயன்படுத்தியது அமோனியம் நைத்திரேற்று. ஈரமும், மாறி மாறி வரும் வெப்பமும் குளிரும் அதற்குப் பகை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வில்லைகள் கட்டுக்குலைகின்றன. பின்னர் மோதல் நேரும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து குப்பியையே வெடிக்கச் செய்கின்றன. உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு இருப்பவர் மீது பாய்கின்றன.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்த எம்மவர்க்கு இதனை விளக்குவது எளிது. நன்றாக வறட்டிய தூளைக் காற்றுப் புகும்படி திறந்து வைத்தால் என்னாகும்? ஈரத்தை இழுத்துக் குணங்கெட்டுப் போகும். பார்வைக்கு அதே தூள்தான், குணம் வேறு. குப்பிக்குள் நேர்வதும் அதுபோன்றதே. ஆகவே “இத்தனை வருஷம் ஓடியது” என்பது இவ்விடயத்தில் ஆறுதலன்று. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

2008இல் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 கார்களை மீள அழைத்ததுடன் இக்கதை தொடங்கியது. பின்னர் டொயோட்டா, நிசான், மஸ்தா எனப் பல நிறுவனங்களும் அழைக்க நேர்ந்தது. உலகமெங்கும் அழைக்கப்பட்ட குப்பிகள் ஏறக்குறைய 10 கோடி. 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் கர்ப்பிணிப் பெண்ணொருவர் இதனால் உயிரிழந்தார். அந்நாட்டின் வெப்பமும் ஈரமும் எமது கீழ்நாட்டின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒத்தவை என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. சோதனை முடிவுகளை மறைத்து மோசடி செய்த குற்றத்தை 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட தகாட்டா, அவ்வாண்டிலேயே வங்குரோத்து நிலையை அடைந்தது. நிறுவனம் மறைந்தது, அதன் குப்பிகள் பல இன்னும் பழைய வண்டிகளுக்குள் இருக்கின்றன.

இனி எம் நாட்டுக்கு வருவோம். மீள அழைக்கும் கடிதம், நிறுவனத்தின் ஏட்டிலுள்ள முகவரிக்கே செல்லும். எமது கார்களுட் பல ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்தவை. இங்கே வந்த பின்னரும், பெயர் மாற்றாமல் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறுபவை பல. அப்படியானால் கடிதம் யாரைத் தேடி வரும்? மேலும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீளத் தொடங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. எனவே கடிதம் வரும் என்று காத்திராமல், நாமே தேடிச் செல்லுதல் வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல.

முதலாவது, வாகனப் பதிவுச் சான்றிதழை எடுத்துச் செசி இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். வண்டியில் பொறித்துள்ள இலக்கத்துடன் அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிசகினாலும் விடை பிழைக்கும்.

இரண்டாவது, அந்த இலக்கத்தை உங்கள் வண்டி நிறுவனத்தின் இலங்கை முகவரிடம் கொடுத்து, மீள அழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்று கேளுங்கள். ஜப்பானிய நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் இதனைத் தேடலாம். மொழி ஜப்பானியமாக இருப்பினும், இலக்கத்தை இட்டு விடையை மொழிபெயர்த்துப் பார்ப்பது இன்றைய மாணவர்க்குப் பெரிய வித்தையன்று.

மூன்றாவது, அழைப்பு உண்டென்று தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். பயணியின் பக்கத்துப் பை என்றால், மாற்றும்வரை முன்னிருக்கையில் யாரையும் அமர்த்தாதீர்கள். ஓட்டுநர் பக்கமென்றாலோ, ஓட்டவே வேண்டாம் என்று நிறுவனம் கூறினாலோ, வண்டியை நிறுத்திவிடுங்கள். ஒரு வார வாடகையை விட ஓர் உயிர் பெரிது.

நான்காவது, செலவைக் குறைக்க எண்ணி வீதியோரக் கராஜில் காற்றுப்பையைக் கழற்றுவிக்காதீர்கள். அது வெடிபொருள் அடங்கியது. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பையைப் பூட்டுவதும் ஆகாது. அதுவும் அழைக்கப்பட்டதாக இருக்கலாம். முன்பலகையிற் காற்றுப்பை விளக்கு எரியவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. அவ்விளக்கு மின்னிணைப்பின் பழுதைக் காட்டுமேயன்றிக் குப்பிக்குள் இருக்கும் மருந்தின் பழுதைக் காட்டாது.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் எழுத்திற் சான்று பெற்று வண்டிப் பத்திரங்களோடு வையுங்கள். வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றி, சரியான முகவரியைப் பதியுங்கள். ஒருமுறை மாற்றியது மறுமுறையும் அழைக்கப்பட்டதுண்டு. ஆகையால் ஆண்டுக்கொரு முறை விசாரிப்பது நல்வழக்கம். பழைய கார் வாங்குவோர் முற்பணம் கொடுக்கும் முன்னரே செசி இலக்கத்தைக் கேட்டு வாங்கட்டும்.

எம் மாணவர் அன்றே இலக்கத்தை எழுதித் தந்தார். விசாரித்ததில், முன்னிருக்கைப் பயணியின் பக்கத்துப் பை அழைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அதனைக் கேட்டதும் அவர் முகம் வாடிற்று. அந்த இருக்கையில் தம் மனைவியும், மடியிற் கைக்குழந்தையும் இருந்து பதுளைக்குப் போய் வந்ததை மெல்லச் சொன்னார். அன்று முதல் முன்னிருக்கை வெறுமையாயிற்று. சில வாரங்களின் பின் கொழும்புக்குச் சென்று, ஒரு சதமும் கொடாமல் புதிய குப்பியைப் பூட்டிவந்தார். குழந்தைக்கும் இனிப் பின்னிருக்கையே என்று உறுதி கூறினார். காற்றுப்பை நல்லதாயினும், மடிக்குழந்தைக்கு முன்னிருக்கை ஏற்ற இடமன்று என்பதையும் அன்று அவருக்கு எடுத்துரைத்தோம்.

கண்ணூறு கழிப்பதை நாம் குறை கூறவில்லை. அது எம் முன்னோர் வழக்கம். அதனோடு இதனையும் சேர்த்துக்கொள்வோம் என்பதே எம் வேண்டுகோள். மாணவ மணிகளே, இன்று ஞாயிற்றுக்கிழமை. தந்தையாரிடம் வண்டியின் பத்திரத்தை வாங்கி, அந்த இலக்கத்தைப் பிழையின்றி ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாளை திங்கட்கிழமை முகவரின் அலுவலகம் திறந்திருக்கும்.