துடைக்கும் முன் துண்டிப்போம்

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற பெரிய கணினி சரிவர இயங்கவில்லை. பொறியாளர்கள் ஒவ்வொரு பகுதியாகத் தேடினார்கள். கடைசியில், உள்ளே இருந்த ஒரு ரிலேயின் இடுக்கில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்வளவு பெரிய இயந்திரத்துக்கே ஒரு பூச்சி தடையானது என்றால், நம் வீட்டு மேசைக் கணினியின் நிலை என்ன? நம் திருக்கடையூர்ப் பகுதியில் பூச்சி மட்டுமல்ல, இன்னும் மூன்று எதிரிகள் உண்டு.

முதலாவது, உப்பு. கிழக்கே சில கிலோமீட்டரில் வங்கக் கடல். காற்றோடு வரும் உப்பு, தூசியோடு சேர்ந்து கணினிக்குள் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் உப்பு ஜாடியில் பார்ப்பது இதைத்தான். அதே கசிவு மின்பலகையில் ஏற்பட்டால், செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரிக்கப்படும். இரண்டாவது, நெற்சுணை. தை மாதத்தில் கதிரறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கினால், சுணையும் பதரும் வைக்கோல் தூசியும் சன்னல் வழியே வீட்டுக்குள் வருகின்றன. கணினியின் விசிறி அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காற்று போகும் வழி அடைபட்டு, சூடு ஏறுகிறது. மூன்றாவது, எறும்பும் கரப்பானும் பல்லியும். கதகதப்பான பெட்டி அவற்றுக்கு நல்ல வீடு.

ஆகவே கணினியைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் தூசியால் வரும் கெடுதல் மெல்ல வரும். அவசரத் துடைப்பால் வரும் கெடுதலோ ஒரு நொடியில் வந்துவிடும். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்த கையோடு கணினியையும் துடைத்துவிடலாம் என்று தொடங்கினோம். சுவரில் ஸ்விட்சை அணைத்தோம். அதுவே போதும் என்று நினைத்தோம். ஈரத்துணியால் பெட்டியின் பின்பக்கத்தைத் துடைத்தபோது 'படார்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சுவரில் மின்சாரம் நின்றாலும், யுபிஎஸ் தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுதானே அதன் வேலை! பெட்டி பழுதானது. வன்தட்டு தப்பியதால், மகளிர் குழுவின் இரண்டாண்டுக் கணக்கு திரும்பக் கிடைத்தது. துணியைப் பிடித்திருந்த கையும் தப்பியது. அதை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது.

எனவே வரிசையாகச் செய்வோம். முதலில், முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்வோம். அடுத்து, கணினியை முறைப்படி அணைத்து, யுபிஎஸ்ஸையும் அணைத்து, கணினி, மானிட்டர், பிரிண்டர் ஆகியவற்றின் பிளக்குகளைப் பிடுங்குவோம். பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பெட்டியைத் தொடும்போது வழக்கமாகவே 'சுருக்'கென்று அடிக்கிறதா? எர்த் இணைப்பு சரியில்லாததன் அறிகுறியாக அது இருக்கலாம். சுத்தம் செய்வதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுவோம்.

பெட்டியைத் திறக்க வெயிலடிக்கும் நாளே நல்லது. திண்ணையிலோ தாழ்வாரத்திலோ வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொள்வோம். உடலில் சேரும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே சில்லுகளைக் கெடுக்கும். ஆகவே நைலான், பாலியஸ்டர் உடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துவோம். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத இரும்பைத் தொடுவோம். மென்மையான பெயின்ட் பிரஷும் கையால் அழுத்தும் காற்றுப் பந்தும் போதும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம். அதன் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். விசிறியில் காற்று அடிக்கும்போது அதை ஒரு விரலால் பிடித்துக்கொள்வோம். வேகமாகச் சுழலவிட்டால் அதன் பேரிங் தேயும்.

மின்கம்பி வந்து சேரும் சிறிய இரும்புப் பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் என்று பெயர். அதை ஒருபோதும் கழற்றக் கூடாது. அதனுள் 300 வோல்ட்டுக்கும் மேலான மின்சாரம் மின்தேக்கிகளில் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்தே தூசியைத் தட்டிவிட்டால் போதும். பழைய குண்டு மானிட்டரும் அப்படித்தான். அதன் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

மானிட்டர் திரையில் நேராக எதையும் தெளிக்க வேண்டாம். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சிறிதளவு நனைத்து, அழுத்தாமல் துடைப்போம். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், பெட்ரோல், தின்னர் எதுவும் திரைக்கு ஆகாது. கீபோர்டைக் கவிழ்த்து மெல்லத் தட்டினால் முறுக்குத் தூளும் எறும்பும் உதிரும். மீதியைப் பிரஷ் பார்த்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் கீபோர்டின் மேற்புறத்தைத் துடைக்கலாம். அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். விளக்கோ கொசுவத்தியோ எரியும் அறையில் அதைத் திறக்கக் கூடாது. மவுஸின் அடியிலுள்ள கண்ணைக் காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும்.

லேசர் பிரிண்டர் அச்சடித்து முடித்ததும், அதன் உள்ளே மையை உருக்கி ஒட்டும் பகுதி கையைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். நன்றாக ஆறவிட்டுத் திறப்போம். சிந்திய டோனர் தூளை ஊத வேண்டாம், நுரையீரலுக்குள் போகும். வெந்நீரும் வேண்டாம், தூள் உருகி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்போம்.

எல்லாம் நன்றாக உலர்ந்த பிறகே பிளக்கைச் செருகுவோம். சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு நாள் காத்திருப்போம். மழைநீர் உள்ளே புகுந்த கணினியை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று போட்டுப் பார்க்கவே கூடாது. பிளக் இருக்கும் இடம் நனைந்திருந்தால் அதைத் தொடாமல், வீட்டின் மெயின் ஸ்விட்சை உலர்ந்த இடத்தில் நின்று அணைப்போம். அதுவும் தண்ணீரில் இருந்தால், அருகே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்வோம். வெள்ளநீர் வற்றினாலும் உப்பும் சேறும் பலகையில் நின்றுவிடும். அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே வழி.

அன்பார்ந்தவர்களே, தை அறுவடை முடிந்ததும் ஒரு முறை, அடைமழை தொடங்குமுன் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு முறை பெட்டியின் உள்ளே பார்த்தால் போதும். வெளிப்புறத்தை மாதம் ஒரு முறை காய்ந்த துணியால் துடைக்கலாம். பிள்ளைகள் இந்த வேலையை ஆசையோடு செய்ய வருவார்கள். அவர்கள் கையில் பிரஷைக் கொடுக்கும் முன், மேசைக்கடியில் குனிந்து யுபிஎஸ்ஸின் விளக்கு அணைந்திருக்கிறதா என்று நாமே ஒரு முறை பார்ப்போம்.