கொள்ளிவாய்ப் பிசாசைக் கேள்வி கேட்போம்!

மாணவ நண்பர்களே, பேய்க் கதை படித்த இரவில் தனியே கொல்லைப்புறம் போக அஞ்சியதுண்டா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

மேல்நாடுகளில் பேய்க் கதை படிப்பதற்கென்றே ஒரு பருவம் உண்டு. அது அக்டோபர் மாதம். அம்மாதம் 31ஆம் நாள் இரவு ‘ஹாலோவீன்’ திருநாள். பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள். பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்பார்கள்.

இத்திருநாளின் வேர் மிகப் பழையது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் ‘சவ்வின்’ என்னும் விழா எடுத்தனர். அன்றிரவு மறு உலகத்தின் கதவு திறந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர் கிறித்தவ சமயத்தில் நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாள் ஆயிற்று. அதற்கு முந்திய மாலைதான் ஹாலோவீன். 19ஆம் நூற்றாண்டில் ஏராளமான அயர்லாந்து மக்கள் அமெரிக்காவில் குடியேறினர். சொந்த ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு, அங்கே பரங்கிக்காய் வசதியாகக் கிடைத்தது.

அந்த விளக்குக்கு ‘ஜாக் ஓ லாந்தர்’ என்று பெயர். ஆனால் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்பெயர் வேறொன்றையும் குறித்தது. சதுப்பு நிலத்தில் இரவில் தோன்றி மறையும் மங்கலான ஒளியே அது! அதே ஒளிக்கு நம் ஊரில் என்ன பெயர் தெரியுமா? கொள்ளிவாய்ப் பிசாசு!

ஏரிச் சேற்றில் என்ன நடக்கிறது?

மறைமலை நகரிலிருந்து ரயிலில் செங்கல்பட்டுக்குச் சென்றால், வழியில் கொளவாய் ஏரியைக் காணலாம். செங்கல்பட்டு வட்டாரமே ஏரிகள் நிறைந்தது. இத்தகைய ஏரிகளின் அடியில் இலை, தழை, நீர்ச்செடிகள் மடிந்து சேறாகின்றன. அச்சேற்றின் ஆழத்தில் பிராணவாயு இல்லை. பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மடிந்த பொருளைச் சிதைத்து, மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதே வேலைதான்.

1776இல் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, மாஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறினார். குமிழியிட்டு வந்த வாயுவைப் புட்டியில் பிடித்துத் தீ வைத்தார். அது எரிந்தது! பிசாசின் வாயில் இருக்கும் கொள்ளிக்கு எரிபொருள் கிடைத்துவிட்டது.

ஆனால் நள்ளிரவில், ஆளில்லாத ஏரியில் தீ வைத்தது யார்? பாஸ்பைன் வகை வாயுக்கள் கலந்திருக்கலாம், அவற்றுள் ஒன்று காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் என்று பலர் கருதினர். 2025இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு சேர் குழுவினர் வேறொரு விடை தந்தனர். நீரில் மேலெழும் நுண்ணிய மீத்தேன் குமிழிகளுக்கிடையே மிகச் சிறு மின்பொறிகள் தாவுவதை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டனர். ஏரியிலும் அப்படித்தான் நிகழ்கிறதா என்பது இன்னும் ஆராய வேண்டியது. பார்த்தீர்களா? பிசாசு போய்விட்டது. ஆனால் சுவையான கேள்வி அங்கேயே இருக்கிறது!

வேதாளம் கேட்ட கேள்வி

பேயையும் கேள்வியையும் ஒன்றாகக் கட்டிய கதை நம் நாட்டில் உண்டு. அதுவே வேதாளக் கதை. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த ‘கதாசரித்சாகரம்’ என்னும் நூலில் இதன் இருபத்தைந்து கதைகள் உள்ளன. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதழ், இக்கதையின் போக்கிலேயே புதிய கதைகளையும் புனைந்து பல்லாண்டுகள் வெளியிட்டது. வாளேந்திய விக்கிரமன் சவத்தைத் தோளில் சுமந்து நடக்க, அதனுள் வேதாளம் இருக்கும் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர் (1924-2020).

சுடுகாடு, இருட்டு, பிணம் என எல்லாம் இருந்தும், கதை முடிவில் வேதாளம் செய்வது என்ன? ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் மௌனமாயிருந்தால் தலை வெடிக்கும் என்கிறது. அரசனும் அஞ்சி ஓடாமல் யோசித்துப் பதில் சொல்கிறான்.

படக்கதைப் பேய்கள்

1950இல் அமெரிக்காவில் ‘டேல்ஸ் பிரம் தி கிரிப்ட்’ போன்ற திகில் காமிக்ஸ் இதழ்கள் விற்பனைக்கு வந்தன. இவை சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்த்தம் 1954இல் ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டே பதிப்பாளர்கள் தமக்குத் தாமே விதிகள் வகுத்துத் திகில் இதழ்களுக்குத் தடை போட்டனர். அரை நூற்றாண்டுக்குப் பின் கரோல் டில்லி என்னும் ஆய்வாளர் வெர்த்தத்தின் குறிப்பேடுகளைப் புரட்டினார். சான்றுகளைத் தம் முடிவுக்கு ஏற்ப அவர் மாற்றியிருந்ததை 2012இல் வெளிப்படுத்தினார். பேயைப் பற்றி மட்டுமல்ல, பேய்க் கதையைப் பற்றிச் சொல்வதற்கும் சான்று கேட்க வேண்டும் அல்லவா?

தமிழில் 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. மின்சாரம் பாய்ந்ததும் நாயகன் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டுமே தெரியும். இங்கும் ஒரு கேள்வி கேட்போம். மாயாவிக்குக் கண் தெரியுமா? நாம் காண்பதற்குக் கண்ணின் விழித்திரை ஒளியைத் தடுத்து உறிஞ்ச வேண்டும். ஒளி ஊடுருவிச் செல்லும் கண்ணில் பிம்பம் விழாது. ஆகவே முழுதும் மறைந்த மாயாவி குருடனாகவே இருப்பான்! இது தெரிந்தபின் கதை கசந்துவிடுமா? இல்லை, இன்னும் சுவையாகவே இருக்கும்.

உண்மையான ஆபத்து

கதையில் இக்கேள்விகள் பொழுதுபோக்கு. ஆனால் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுந்து இறந்தால், ‘பேய் அடித்துவிட்டது’ என்பார்கள். அடித்தது பேயல்ல. காற்றோட்டமில்லாத கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பிராணவாயு குறைந்துபோகிறது. கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை காற்றைவிடக் கனமானவை என்பதால் அடியில் தங்குகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடினால் மூக்கின் உணர்ச்சியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் அங்கேயே விழுகிறார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார். தகுந்த பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஆகவே நண்பர்களே, பேய்க் கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் கிணற்றிலோ தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுந்ததைக் கண்டால், நீங்கள் இறங்காதீர்கள். பிறரையும் இறங்க விடாதீர்கள். உடனே 101 அல்லது 112 எண்ணுக்குத் தொலைபேசி செய்து தீயணைப்புப் படையினரை அழையுங்கள். இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.