பேசும் பலகையின் பூர்வோத்தரம்

பேச்சு வராத குழந்தையொன்று தன் மடிமீதுள்ள பலகையில் ஒரு சித்திரத்தை விரலால் தொட்டதும், அப்பலகை அக்குழந்தைக்காகத் "தண்ணீர் வேண்டும்" என்று உரக்கச் சொல்லும் காட்சியை இன்று நம் நாட்டுச் சிறப்புப் பள்ளிகள் சிலவற்றில் காணலாம். ஒரு காலத்தில் கனத்த பெட்டியாக இருந்து, இப்போது டேப்லெட்டில் இயங்கும் செயலியாகச் சுருங்கிவிட்ட இந்தச் சாதனத்துக்கு முன்னோர் பலர் உண்டு. அவற்றுள் முக்கியமான ஒன்று, சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து யெர்க்கிஸ் ஆராய்ச்சி நிலையத்தில், லானா என்ற சிம்பன்ஸிக் குட்டிக்காக நிர்மாணிக்கப்பட்ட விசைப்பலகை என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

இதைக் கேட்டவுடன் சில பெற்றோருக்கு மனம் சுருக்கென்று தைக்கக்கூடும். என் குழந்தையைக் குரங்கோடு சேர்த்துப் பேசுவதா என்று அவர்கள் வருந்தினால், அவ்வருத்தம் முற்றிலும் நியாயமானது. ஊனமுற்றோரை மனிதரினும் தாழ்ந்த பிறவிகளாக எண்ணி ஒதுக்கிய கொடிய சரித்திரம் எல்லாத் தேசங்களுக்கும் உண்டு. ஆகையால் தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தை குழந்தைதான், குரங்கு குரங்குதான். வாய்ச்சொல்லின் துணையின்றி ஒரு மனத்திலுள்ளதை மற்றொரு மனத்துக்குத் தெரிவிப்பது எப்படி என்ற கேள்விக்கு ஓரிடத்தில் கிடைத்த விடை மற்றோரிடத்தில் பயன்பட்டது. அந்த விருத்தாந்தம் அறியத்தக்கது என்பதனாலேயே இங்கு எழுதுகிறேன்.

வாலில்லாக் குரங்குகளுக்கு மனிதப் பேச்சைக் கற்பிக்க முயன்றவர்கள் முதலில் கண்டது தோல்வியே. 1940களின் பிற்பகுதியில் ஹேய்ஸ் தம்பதியர் விக்கி என்ற சிம்பன்ஸியைத் தம் இல்லத்திலேயே பிள்ளையாக வளர்த்துப் பல வருஷங்கள் பாடுபட்டும், அது நான்கே ஆங்கிலச் சொற்களை, அதுவும் கரகரத்த மூச்சொலியாகவே, வெளிப்படுத்திற்று. தொண்டையும் நாவும் இடங்கொடாதபோது கைகளையும் கண்களையும் நாடுவதே உசிதம் என்று அதன்பின் உணர்ந்தார்கள். 1966-ல் கார்ட்னர் தம்பதியர் வாஷோ என்ற சிம்பன்ஸிக்குக் காது கேளாதோரின் சைகை மொழியைக் கற்பிக்கத் தொடங்கினர். டேவிட் பிரிமாக் என்பவர் சாரா என்ற சிம்பன்ஸிக்குச் சொற்களின் இடத்தில் பிளாஸ்டிக் துண்டுகளைக் கொடுத்தார். இவ்விரு முறைகளும் வெகு விரைவில் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன. வாஷோவோடு பழகிய ரோஜர் ஃபௌட்ஸ், பேசாதிருந்த ஆட்டிசச் சிறுவன் ஒருவனுக்குச் சைகைகளைக் கற்பித்தார். பிரிமாக்கின் துண்டுகளைத் தழுவி, கான்ஸாஸ் மாநிலத்தில் ஜோசஃப் கேரியர் என்பவர் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று ஒரு பாடமுறையையே வகுத்தார்.

லானாவின் யந்திரம் இவற்றினும் ஒரு படி முன்னே சென்றது. 1970-ல் பிறந்த அக்குட்டிக்காக டுவேன் ரம்பாவ் என்ற உளவியலறிஞர் வகுத்த திட்டத்தில், எர்ன்ஸ்ட் வான் கிளாசர்ஸ்ஃபெல்ட் என்பவர் ஒரு செயற்கைப் பாஷையையே உண்டாக்கிக் கொடுத்தார். வட்டம், கோடு, அலை போன்ற ஒன்பது அடிப்படை வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்துப் பெற்ற சின்னங்கள்தாம் அதன் சொற்கள்; அவற்றுக்கு லெக்ஸிகிராம் என்று பெயர். லானா வசித்த அறையின் சுவரில் இச்சின்னங்கள் பொறித்த விசைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. தலைக்கு மேலிருந்த கம்பியைப் பற்றி இழுத்தால் பலகை உயிர்பெறும். விசையை அழுத்தினால் அது பிரகாசமடையும். அழுத்திய சின்னங்கள் அழுத்திய வரிசையிலேயே மேலே உள்ள சிறு திரைகளில் தோன்றும். வேண்டுகோளுக்குரிய சின்னத்தில் ஆரம்பித்து, யந்திரத்தை விளித்து, வேண்டிய பொருளைச் சொல்லி, முற்றுப்புள்ளி விசையோடு முடித்தால், இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று கணிப்பொறி பரிசோதித்துவிட்டு, வாழைப்பழத் துண்டையோ பாலையோ தரும், இசையை ஒலிக்கச் செய்யும், அல்லது வெளியே பார்ப்பதற்குச் சாளரத்தைத் திறக்கும். இரவிலோ பகலிலோ, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்பதற்கு அதற்கு வசதி இருந்தது. அது அழுத்திய ஒவ்வொரு விசையும் பதிவாயிற்று. ஆராய்ச்சியாளர்கள் பாதி வாக்கியத்தை எழுதி விட்டுவைத்தால், அது சரியான தொடக்கமானால் லானா பூர்த்தி செய்ததென்றும், பிழையான தொடக்கமானால் முற்றுப்புள்ளி விசையை அழுத்தி அழித்துவிட்டதென்றும் 1973-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியான கட்டுரை தெரிவித்தது.

மனிதப் பிள்ளைகளுக்கு இந்தப் பலகை ஏன் உபகாரமாயிற்று என்பதைச் சற்று விரிவாகக் கவனிக்க வேண்டும். பேசிய சொல் காற்றில் கரைந்துவிடுகிறது. பலகையிலுள்ள சின்னமோ கண்முன்னே நிலைத்து நிற்கிறது. வேண்டும் சொல்லை நினைவின் ஆழத்திலிருந்து தேடி எடுக்க வேண்டியதில்லை, எதிரே கிடக்கும் பலவற்றில் இன்னதென்று இனம் கண்டுகொண்டால் போதும். சைகை மொழிக்கு விரல்களின் நுட்பமான அசைவு இன்றியமையாதது. மூளை முடக்குவாதத்தால் விரல்கள் வசப்படாத குழந்தைக்கு அது எளிதில் கைகூடாது. விசையை அழுத்த ஒரு விரல் போதும், அதுவும் இயலாவிட்டால் கை முட்டி போதும், பிற்காலச் சாதனங்களில் கண்பார்வையின் திசையே போதும். 1970களின் நடுப்பகுதியிலேயே, ஜார்ஜியா மாநிலத்தில் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென இருந்த நிலையத்தில் இப்பலகையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். இவர்களுக்குப் பாஷை வராது என்று முடிவுகட்டி விடப்பட்டிருந்தவர்களிற் சிலர் சின்னங்களைக் கற்றுக்கொண்டார்கள்.

ஆயினும் அந்த ஆரம்ப முறையில் பெரியதொரு குறை இருந்தது. ஆசிரியர் பொருளைக் காட்டுவார். பிள்ளை விசையை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் பரிசு. இவ்விதம் மீண்டும் மீண்டும் பயிற்றப்பட்ட பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்ததே தவிர, பிறர் சொல்வதைச் சின்னங்களின் வழியே புரிந்துகொள்ளுமா என்பது தெரியவில்லை. இதே குறையைச் சூ சாவேஜ்-ரம்பாவ் என்ற பெண்மணி ஷெர்மன், ஆஸ்டின் என்ற இரு சிம்பன்ஸிகளிடம் கண்டார். கண்டு, அவற்றை ஒன்றோடொன்று உரையாட வைத்தார். ஓர் அறையில் ஷெர்மனிடம் தின்பண்டம் அடைத்த பெட்டி. அதைத் திறக்கும் கருவிகளோ அடுத்த அறையில் ஆஸ்டினிடம். ஒரு முறை திருகு குறடு தேவைப்பட்டிருக்க, ஷெர்மன் தவறுதலாகச் சாவிக்குரிய விசையை அழுத்திவிட்டது. ஆஸ்டின் சாவியை எடுப்பதைக் கண்டு, திரும்பித் திரையைப் பார்த்து, ஓடிவந்து குறட்டுக்குரிய விசையை அழுத்தி, அச்சின்னத்தைத் தட்டிக் காட்டிற்றாம். தன் சொல் மற்றொருவன் மனத்தில் என்ன விளைவை உண்டாக்கியது என்று கவனித்துத் திருத்திக்கொள்ளும் அந்தச் செயலில்தான் சம்பாஷணை தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதன்பின் நேர்ந்தது எவரும் திட்டமிடாதது. சிம்பன்ஸிக்கு நெருங்கிய இனமாகிய போனோபோ, காங்கோ நதிக்குத் தெற்கேயுள்ள காடுகளில் மட்டுமே வாழ்வது. அவ்வினத்தைச் சேர்ந்த மடாடா என்ற பெண் குரங்குக்கு ஜார்ஜியாவில் லெக்ஸிகிராம் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். மடாடா அதிகம் கற்கவில்லை. அதன் வளர்ப்புப் பிள்ளையான கான்ஸி, 1980-ல் பிறந்தது, அன்னையின்மீது ஏறியும் இறங்கியும் பாடத்துக்கு இடையூறு செய்தும் விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் எதையும் கற்பிக்கவில்லை. மடாடாவைச் சில காலம் வேறிடத்துக்கு அனுப்பியபோது, தனித்து நின்ற அந்தக் குட்டி முதல் நாளிலேயே 120 தடவைக்கு மேல் பலகையைப் பயன்படுத்தி, தான் வேண்டிய பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்டது. பேசிய ஆங்கிலத்தையும் அது விளங்கிக்கொள்ளத் தொடங்கிற்று. அதற்கு எட்டு வயதான சமயத்தில், முன்பின் கேட்டிராத 660 வாக்கியங்களைக் கொண்டு இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியோடு அதையும் பரீட்சித்தபோது, கான்ஸி 72 சதவிகிதமும் சிறுமி 66 சதவிகிதமும் சரியாகச் செய்தார்கள்.

இது அதிசயம் போலத் தோன்றினாலும், வாலில்லாக் குரங்குகளின் வனவாழ்க்கையை அறிந்தோர்க்கு அவ்வளவு அதிசயமன்று. சிம்பன்ஸிக் குட்டி நான்கைந்து வயது வரை தாய்ப்பால் குடிக்கிறது. இரவுதோறும் மரக்கிளைகளை வளைத்துத் தாய் அமைக்கும் படுக்கையில் அவளோடு உறங்குகிறது. பகலெல்லாம் அவள் செய்வதைப் பார்க்கிறது. 1960-ல் தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் கண்ட பிரசித்தமான காட்சியாகிய, புல்லின் தண்டைக் கறையான் புற்றுக்குள் விட்டு உருவித் தின்னும் வித்தையும், கினி நாட்டின் போஸு காட்டில் கல்லின்மேல் கொட்டையை வைத்து மற்றொரு கல்லால் உடைக்கும் வித்தையும், தாய் உட்கார்ந்து போதிப்பதால் வருவன அல்ல; குட்டி வருஷக்கணக்காக அருகிருந்து பார்த்து, தவறாகச் செய்து, மறுபடி பார்த்துக் கைவரப் பெறுவன. கான்ஸியும் தன் குலத்தின் சுபாவப்படியே கற்றது.

இந்த அனுபவம் பிள்ளைகளிடம் சேர்ந்த வழியை நேராகவே சுட்டிக்காட்டலாம். 1986-ல் கான்ஸியின் கல்வியை உலகுக்கு அறிவித்த ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான ரோஸ் செவ்சிக்கும், அவருடைய சகாவான மேரி ஆன் ராம்ஸ்கியும், அதே காலத்தில் அட்லாண்டாவுக்கு அருகிலுள்ள கிளேட்டன் மாவட்டத்துப் பள்ளிகளைச் சேர்ந்த 13 பிள்ளைகளுக்குப் பேசும் பலகைகளைக் கொடுத்தார்கள். எல்லோரும் அறிவு வளர்ச்சி மிகவும் குன்றியவர்கள். பிறருக்குப் புரியும்படி அவர்கள் பேசிய சொற்கள் மிகச் சிலவே. இம்முறை பரிசும் இல்லை, பயிற்சி மேஜையும் இல்லை. சாப்பாட்டு வேளையிலும் விளையாட்டிலும் வீட்டு வேலையிலும் பலகை அருகில் இருந்தது. அதைவிட முக்கியமாக, பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையோடு பேசும்போது தாங்களே அச்சின்னங்களைத் தொட்டுக் காட்டிப் பேசினார்கள். "வெளியே போகலாம் வா" என்று சொல்லும் தாய், 'வெளியே' என்ற சின்னத்தைத் தன் விரலாலேயே அழுத்துவாள், பலகை அதைச் சொல்லும். நீ அழுத்து என்று பிள்ளையை வற்புறுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்த பின், 13 பேரும் பலகையின் வழியே பேசலானார்கள். சிலர் வாயாலும் புதிய சொற்களைத் தெளிவாக உச்சரித்தார்கள். 1996-ல் இதை அவர்கள் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள்.

பலகையைக் கையில் கொடுத்துவிட்டால் வாய்ப் பேச்சு வராமலே போய்விடுமோ என்ற பயம் நம் தாய்மார்கள் அநேகருக்கு உண்டு. அந்தப் பயத்தை ஏளனம் செய்வது தவறு. ஆனால் அதற்கு ஆதாரமில்லை என்று சொல்வது கடமை. இவ்விரு அறிஞர்களும் தம் சகாக்களோடு 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டிலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட 62 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பேச்சுப் பயிற்சி மட்டும், மற்ற இரண்டுக்கும் பேசும் சாதனத்தோடு சேர்ந்த பயிற்சி தந்து பார்த்தார்கள். சாதனம் பெற்ற பிரிவுகளிலிருந்த குழந்தைகள் சின்னங்களாலும் வாயாலும் சொற்களை வழங்கினார்கள். பேச்சுப் பயிற்சி மட்டும் பெற்ற குழந்தைகள் வாயால் சொன்னவை மிகச் சொற்பம்.

இவற்றையெல்லாம் மகிழ்ச்சியோடு எழுதும்போதே ஒரு துக்கமும் உடன் எழுகிறது. மடாடா காங்கோ காட்டில் பிடிபட்டுக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஜீவன். லானா 2016-ல் இறக்கும் வரை காட்டைக் கண்டதில்லை. கான்ஸி தன் 44-ஆம் வயதில், 2025 மார்ச் மாதம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வேலிக்குள்ளேயே உயிர்நீத்தது. இத்தகைய குரங்குகள் வாக்கியம் அமைத்தனவா, அல்லது பரிசுக்காகச் சின்னங்களை வரிசைப்படுத்தினவா என்று ஹெர்பெர்ட் டெரஸ் என்பவர் 1979-ல் எழுப்பிய ஆட்சேபத்தின் எதிரொலி இன்னும் ஓயவில்லை. அவ்வாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும், மனிதப் பிள்ளைகளுக்கு அவை செய்த உபகாரம் உபகாரமே. அவற்றின் இனத்தார் இன்று காட்டிலும் அருகி வருகிறார்கள். வேட்டையும் காடழிப்பும் போனோபோக்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கின்றன. கடன் பட்டவர்கள் நாம் என்ற உணர்ச்சி எனக்கு உண்டு.

சென்னைக்கும் இக்கதையின் பிற்பகுதியில் இடமுண்டு. 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனத்தின் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் கலந்து, அஜித் நாராயணன் என்ற பொறியாளர் உருவாக்கிய 'ஆவாஸ்' என்னும் சாதனம், முதலில் தனிக் கருவியாகவும் பின்னர் செயலியாகவும் வெளிவந்து, இன்று தமிழிலும் பேசுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கருத்துப் பரிமாற்றம் என்ற சொல்லுக்கு வரையறை கூறும் இடத்தில், பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் இத்தகைய முறைகளையும் சேர்த்தே சொல்கிறது. டேப்லெட் வாங்க இயலாத வீட்டிலும் அட்டையில் படங்களை ஒட்டிப் பலகை செய்யலாம். காட்டுவழியே உலாவச் செல்கையில் கான்ஸியின் ஆசிரியர்கள் எடுத்துச் சென்றதும் சின்னங்கள் அச்சிட்ட சாதாரண மடக்கு அட்டைதான்.

அவ்வட்டையில் எந்தச் சொற்களை வைப்பது என்பதில்தான் நம்மவர் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள். சோறு, தண்ணீர், கழிப்பறை, பொம்மை என்று, கொடுக்கத்தக்க பொருள்களை மட்டுமே வைத்து நிறுத்திவிட்டால், அது யந்திரம் தரக்கூடியதை மட்டுமே கேட்கும்படி லானாவுக்கு அமைத்த முதற் பலகையின் நிலையிலேயே குழந்தையை நிறுத்திவிடும். 'வேண்டாம்', 'நிறுத்து', 'வலிக்கிறது', 'பயமாயிருக்கிறது', 'மறுபடியும்', 'ஏன்', 'அக்கா எங்கே', 'நான் சொன்னது அதுவல்ல' என்பவையும் முதல் வாரத்திலேயே பலகையில் இருக்க வேண்டும். குழந்தை அவற்றைத் தொடுவதற்குப் பல மாதங்கள் ஆனாலும், வீட்டிலுள்ளோர் தங்கள் பேச்சினூடே அவற்றைத் தொட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.