பிள்ளைக்குச் சளியா? சிரப் பாட்டிலை எடுக்குமுன்

ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கினாலே நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டிய தாய், இரவெல்லாம் இருமும் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிரப்பை ஊற்றினால் பிள்ளை தூங்குகிறது. அந்த மயக்கத் தூக்கத்தைத்தான் குணம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சாதாரண சளி காய்ச்சலுக்காக 'கோல்ட்ரிஃப்' சிரப் கொடுக்கப்பட்ட சிறு பிள்ளைகளுக்குச் சிறுநீர் வருவது நின்று, சிறுநீரகம் செயலிழந்தது. 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மௌத்தானார்கள். அந்த சிரப் தயாரானது நம் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் கம்பெனியில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் நச்சுக் கரைப்பான் இது; மருந்தில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அக்டோபரில் கம்பெனியின் உரிமம் ரத்தானது.

சரி, கலப்படம் இல்லாத சிரப் என்றால் கொடுக்கலாமா? அதே அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் சொன்னது: 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. காரணம் எளிது. சளி வைரஸால் வருகிறது. சிரப் அதைக் கொல்லாது, ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. ஒரு வாரம், பத்து நாளில் தானே இறங்கும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் நீடிக்கலாம்.

அதுவரை செய்ய வேண்டியது பராமரிப்புதான். கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சுவிடும். மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாமல் அழும். மெடிக்கலில் கிடைக்கும் வெறும் உப்புநீர் சொட்டு மருந்தை (சலைன்) பால் கொடுப்பதற்குச் சற்று முன் ஓரிரு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, ரசம்.

தேனில் ஷிஃபா இருப்பதாக அல்லாஹ் அறிவித்திருக்கிறான். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்குமுன் அரை ஸ்பூன் தேன் இரவு இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் மட்டும் துளியும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து, உடலைத் தளரச் செய்யும் நச்சை உண்டாக்கும். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் நன்னிமாக்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவதும் அப்படித்தான். மணம் நன்றாக இருக்கிறது. ஆனால் சளி பிடித்த நெஞ்சுக்குப் புகை எதிரி. கொசுவர்த்தி, சிகரெட் புகையும் அதே கணக்கு. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். கற்பூரம் கலந்த தைலம் 2 வயதுக்குக் கீழ் வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். பிள்ளை கை தட்டிவிட்டால் வெந்துபோகும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்? பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40; இந்த அளவைத் தொட்டாலே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலமானால், பால் குடிக்காமல் துவண்டால், சிறுநீர் குறைந்தால், 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஷிஃப்ட் போனால் போகட்டும். 108-ஐ அழையுங்கள்.

மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சமான சிரப் அலமாரியில் இருந்தால் இளையதுக்கு ஊற்ற வேண்டாம். டாக்டரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை வேளை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.