வீட்டிற்கு வந்த கணிப்பொறி

2025-ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் இல்லத்திற்குப் புதிய கணிப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. திண்டுக்கல் கடைவீதியிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்தோம். பெட்டியைப் பிரிக்கும்போது அண்டை வீட்டுச் சிறுவர்கள் நால்வர் வாயிலில் நின்றனர். 2014-இல் வாங்கிய பழைய பொறி இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆயினும் அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு உரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி அப்பொறிக்கு இல்லை. பிள்ளைகளின் படிப்பு, மின்கட்டணம், வங்கிக் கணக்கு யாவும் அதன் வழியே நடந்து வந்தமையால் மாற்றியே தீரவேண்டியதாயிற்று.

முதல் நாள் மகிழ்ச்சியில் கழிந்தது. இரண்டாம் நாள் எங்கள் அன்னையார், “அப்பா எழுதியதை இதில் எடுத்து வை” என்றார்.

எங்கள் தந்தையார் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஆலை ஒன்றில் கணக்கராய் இருந்து ஓய்வு பெற்றவர். 2003-இல் கணிப்பொறியின் முன் அமர்ந்தார். 2012-இல் இறைவனடி சேரும் வரையில் தம் வாழ்க்கையை அதில் சிறிது சிறிதாய் எழுதிவந்தார். சிறுமலையிலிருந்து குதிரைகளின் முதுகில் வாழைத்தார் இறங்கிய காட்சி, அன்னையாரைப் பெண் பார்க்க மாட்டுவண்டியில் சென்றது, பஞ்சகாலத்தில் கிணறு வெட்டியது என ஏறத்தாழ நூற்றிருபது பக்கங்கள். ‘ஒருநாள் அச்சிட்டுக் கொள்ளலாம்’ என்று நாங்கள் சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் ஓடிவிட்டன.

அக்கோப்பைப் புதிய பொறியில் திறந்தோம். திரையில் ஓர் எழுத்துக்கூடத் தமிழில் இல்லை. ‘தமிழ்’ என்று அவர் எழுதிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. நூற்றிருபது பக்கங்களும் அவ்வாறே. அன்னையார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து அடுக்களைக்குள் சென்றுவிட்டார். கோப்பு கெட்டுவிட்டது என்றே நாங்களும் எண்ணினோம்.

கெடவில்லை. நடந்தது இன்னதென்று பின்னர் விளங்கிற்று. கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண். தொடக்கக் காலத்தில் தமிழுக்கெனத் தனி எண்கள் பரவலாய் வழக்கில் இல்லாமையால், நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தனர். ஆங்கில ‘ஜே’க்கு உரிய 106 என்னும் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் ‘த’ என வரைந்துவிட்டனர். அந்த எழுத்துரு பொறியில் இருக்கும் வரை கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றும். இல்லையேல் முகமூடி கழன்று ஆங்கில எழுத்து வெளிப்படும். தந்தையார் கையாண்டது ‘பாமினி’ என்னும் எழுத்துரு. பழைய பொறியில் அது இருந்தது. ஆகவே பதினோர் ஆண்டுகள் எங்களில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

அவர் அதனைத் தேர்ந்ததற்குக் காரணமும் உண்டு. இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் ‘யளனகப’ என்று நாள்தோறும் அடித்துப் பழகிய விரல்கள் அவை. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழிவந்த அவ்வரிசையையே பாமினியும் பின்பற்றுகிறது. புதிதாக ஒன்றும் கற்காமல் அமர்ந்த அன்றே எழுதலானார். அவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது வழக்கிலுள்ளது யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. உலக மொழிகள் பலவற்றிற்கும் தனித்தனி எண் வகுத்த இத்திட்டத்தின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன்படி ‘அ’வுக்கு 2949, ‘க’வுக்கு 2965. திண்டுக்கல்லில் எழுதினாலும் கோலாலம்பூரில் திறந்தாலும் 2949 என்பது ‘அ’வே. 2010-இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது. எனவே புதிய கணிப்பொறி வாங்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘இதில் நாம் எழுதுவது ஒருங்குறியா?’ என்பதேயாகும்.

பாமினி எழுத்துருவை மீண்டும் நிறுவினால் படிக்க முடியுமே என்று எங்கள் தம்பி கேட்டார். முடியும். ஆயின் ஒரு பெயரைக் கோப்பில் தேட முடியாது. ஒரு பத்தியை எடுத்து அலைபேசியில் தங்கைக்கு அனுப்பினால் அவளுக்கும் ஜே, கே, பிதான் போய்ச் சேரும். ஆகவே மாற்றுவது என்று துணிந்தோம். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்னும் மென்பொருள் எங்களுக்குக் கைகொடுத்தது. பழைய எழுத்துருவின் பெயரை மட்டும் அதற்குச் சரியாகச் சொல்லவேண்டும். தந்தையார் குறுந்தகட்டின் உறைமீது ‘பாமினி’ என்று பேனாவால் எழுதி வைத்திருந்தார், கணக்கர் அல்லவா! மூலக்கோப்பைத் தொடாமல் படி ஒன்று எடுத்து, அப்படியைத்தான் மாற்றினோம். இதனை மறவாதீர்கள்.

மாற்றம் ஒரு நொடியில் முடிந்தது. பிழை பார்க்க இருபது மாலைகள் ஆயின. பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பின்னர் அடிப்பர். ஒருங்குறியில் எழுத்து முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் நமக்குப் பிரித்துத் தந்தவர் என்று வீரமாமுனிவரைப் போற்றுகிறோம். அவர் பிரித்தவை எங்கள் திரையில் ஆங்காங்கே அண்டை எழுத்தின்மேல் ஏறி அமர்ந்திருந்தன. வடமொழி எழுத்து வந்த இடங்களிலும் சில தடுமாற்றம். மூத்த மகள் படிக்க, நாங்கள் திருத்தினோம்.

இந்தத் தொல்லை நம் வீட்டோடு நிற்பதன்று. தமிழ் இலக்கியங்களைக் கணிப்பொறியில் ஏற்றி இலவசமாய் வழங்க, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் முதலில் டிஸ்கி முதலிய பழைய முறைகளில் அமைந்து, பின்னரே ஒருங்குறிக்கு வந்தன. கணிப்பொறி வாங்கிய வீட்டார் அந்நூல்களை ஒருமுறையேனும் திறந்து பார்க்கவேண்டும். வாங்கிய பணத்திற்கு அதுவே ஈடாகும்.

இனி, பொறியை நிறுவுகையில் நாங்கள் கண்டவற்றுள் சில.

மூன்று முள் பிளக்கும் நல்ல எர்த்தும் இன்றிக் கணிப்பொறியை இணைக்கலாகாது. மின்சாரம் திடீரென நின்று வரும் பகுதியில் யு.பி.எஸ். ஒன்றும் வேண்டும். இணையத்தில் இணைத்தவுடன் வேறெதுவும் செய்யாமல் திருத்தங்கள் முழுவதையும் இறக்கி முடிக்கவேண்டும். எங்களுக்கு ஒரு பிற்பகல் பிடித்தது. பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிக் கணக்கு அமைத்தோம். பொறியை வைத்த இடம் கூடம்.

தமிழ் எழுத இன்று தனியே ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. 2019 முதல் விண்டோசிலேயே ‘அஞ்சல்’, ‘தமிழ் 99’ ஆகிய விசைப்பலகைகள் உள்ளன. ஆங்கில ஒலிப்படி அடிப்பது அஞ்சல். பழகிய கைக்கு உடனே வரும். ஆயினும் பிள்ளைகளுக்குத் தமிழ் 99-ஐயே பழக்குங்கள் என்போம். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் விளைவு அது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ‘க’வை இருமுறை அடித்தால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகும். ‘அம்மா’வுக்கு நான்கே தட்டுகள். தமிழை ஆங்கில எழுத்தாய் நினைத்து எழுதும் பழக்கம் பிள்ளைக்கு ஏற்படாது. எங்கள் தந்தையாரைப்போல் ‘யளனகப’ பயின்ற மூத்தோர் வருந்த வேண்டா, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்களில் பழைய தட்டச்சு வரிசையிலேயே ஒருங்குறியில் எழுதலாம்.

கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுப்பை நிறுவினோம். அது முற்றிலும் இலவசம்; பட்டியல்களைத் தமிழிலேயே காட்டவும் செய்யும். பொறியைப் பொருத்த வந்த இளைஞர், விலையுயர்ந்த மென்பொருள்கள் பத்துப் பன்னிரண்டை ‘சும்மா’ போட்டுத் தருவதாகச் சொன்னார். பூட்டை உடைத்து எடுத்த சரக்கு அது. ஏழாம் கட்டளையைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் வீட்டில் அதனை ஏற்க நா எழவில்லை. அத்தகைய சரக்கோடு வைரசும் சேர்ந்து வரும் என்பது வேறு. வேண்டாவென்று மறுத்ததும் அவர் வியந்து பார்த்தார். பிறகு கடவுச்சொல்லைத் தாமே அமைத்து, ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பொறியின் நெற்றியிலேயே ஒட்டிவிட்டுச் சென்றார்! ஒன்றின் சாவி மற்றொன்றைத் திறக்காது என்று பேர்பெற்று, 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற பூட்டைச் செய்யும் ஊரில் இப்படி ஒரு பூட்டு. அன்றிரவே தாளைக் கிழித்துவிட்டு வேறு சொல் வைத்தோம்.

சிறு பிள்ளைகளுக்கு ஜிகாம்பிரிஸ் என்னும் இலவசத் தொகுப்பு உள்ளது. இரண்டு முதல் பத்து வயதினர்க்கான எண், எழுத்து விளையாட்டுக்கள் பல அதில் உண்டு. எங்கள் இளையவன் அதிலிருந்து எழ மறுக்கிறான் என்பதே இப்போதைய குறை.

பழைய பொறியை எறியவில்லை. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சை அதில் ஏற்றினோம். இந்தப் பெயர் பலருக்குப் புதிதன்று. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அரசு பள்ளி மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் அதுவும் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் ஒருவரும் திறந்து பாராத கதவு! 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவிக்கப்பட்டது. அவ்வகையில் நம் குடும்பங்களுக்கு வந்து சேரும் பொறிகளிலாவது உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒருநாள் பொறுமையாய்ப் பார்க்கலாம்.

தந்தையாரின் கோப்பு இப்போது மூன்று இடங்களில் உள்ளது: புதிய பொறியில் ஒன்று, அலமாரியிலுள்ள பென் டிரைவில் ஒன்று, வத்தலக்குண்டில் தங்கையின் வீட்டில் ஒன்று. பாமினியிலிருக்கும் மூலத்தையும் அழிக்காமல் உடன் வைத்திருக்கிறோம்.

பிழைதிருத்தம் முடிந்த மாலை, கிணறு வெட்டிய பகுதியை மகள் உரக்கப் படித்தாள். அவ்விடத்தில் ‘கினறு’ என்று ஏழெட்டு முறை வந்திருந்தது. மாற்றியின் பிழையென எண்ணி, மூன்று சுழியாக்கத் தொடங்கினோம். அடுக்களையிலிருந்து அன்னையார் வந்தார். “அதைத் தொடாதே. உங்கள் அப்பா எனக்கு எழுதிய கடிதங்களிலும் கிணற்றுக்கு இரண்டு சுழிதான்” என்றார். மூலத்தைத் திறந்து பார்த்தோம். அப்படியே இருந்தது. விட்டுவிட்டோம்.