சோதனைத் தட்டில் துடிக்கும் இதயத் தசை

டெர்ஃபெனடின் என்றொரு மாத்திரை இருந்தது. தும்மல், மூக்கொழுகல், அரிப்பு போன்ற ஒவ்வாமைத் தொல்லைகளுக்கானது. தூக்கக் கலக்கம் தராது என்று நல்ல பெயர் வாங்கியது. 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் அதை விழுங்கினார்கள். பிறகுதான் விபரீதம் தெரிந்தது. சில ஆன்டிபயாட்டிக்குகளோடும் பூஞ்சைத் தொற்று மருந்துகளோடும் அதைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது, உயிர்களும் போயின. 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அந்த மாத்திரை நீக்கப்பட்டது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசைச் செல் தன் மின் நிலையைப் பழையபடி மீட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகப் பொட்டாசியம் அயனிகள் ஒரு குறிப்பிட்ட வாசல் வழியே செல்லைவிட்டு வெளியேறுகின்றன. அந்த மருந்துகளோடு சேரும் டெர்ஃபெனடின் இரத்தத்தில் அளவுக்கு மீறித் தங்கும்போது அந்த வாசலை அடைத்துவிடும். மீட்சி தாமதமாகும், அந்த இடைவெளியில் தாளம் கெடும்.

மனித இதயத்துக்கு இவ்வளவு முக்கியமான அந்த வாசல், வளர்ந்த சுண்டெலியின் இதயத்தில் பெரிய வேலை எதையும் செய்வதில்லை. நம் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால், சுண்டெலியின் இதயம் 500, 600 முறை துடிக்கிறது. அந்த வேகத்துக்கு அது வேறு வாசல்களை நம்பியிருக்கிறது. சுண்டெலியால் மருத்துவம் கற்றது ஏராளம். ஆனால் ஒரு மருந்து இதயத் தாளத்தைக் கெடுக்குமா என்ற கேள்வியை மனித இதயத் தசையிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தசைக்கு எங்கே போவது? உயிரோடிருப்பவரின் இதயத்திலிருந்து வேண்டிய அளவு வெட்டி எடுக்க முடியாது. அறுவை சிகிச்சையில் கிடைக்கும் துண்டுகள் ஆய்வகத்தில் நெடுநாள் தாங்குவதில்லை. வளர்ந்த இதயத் தசைச் செல்கள் பெருகுவதும் மிகக் குறைவு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசேன் குழு 2009-ல் இதைக் கணக்கிட்டது. பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் நம் செல்களின் டி.என்.ஏ.விலும் பதிந்திருக்கிறது, அதை வைத்து ஒரு செல் பிறந்த ஆண்டைச் சொல்லலாம். 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத இதயத் தசைச் செல்கள் புதிதாகின்றன; 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு. மாரடைப்பில் இறந்த தசை ஏன் திரும்ப வளர்வதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

வழி திறந்தது ஜப்பானில். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா, நான்கு மரபணுக்களைச் செலுத்தித் தோல் செல்லைக் கருவின் தொடக்க நிலைக்கு ஒப்பான ஸ்டெம் செல்லாக மாற்றினார். 2006-ல் சுண்டெலிச் செல்லில், 2007-ல் மனிதச் செல்லில். 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 2012-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு ஒன்று, இத்தகைய ஸ்டெம் செல்களை இதயத் தசைச் செல்களாக மாற்ற எளிய முறையை வெளியிட்டது. கருவில் இதயம் உருவாகும்போது ஒரு வேதிச் சமிக்ஞை முதலில் எழுந்து பிறகு அடங்க வேண்டும். தட்டிலும் அதையே செய்தார்கள்: ஒரு வேதிப்பொருளால் எழுப்பி, சில நாள் கழித்து இன்னொன்றால் அடக்கினார்கள். இரண்டு வாரத்துக்குள் செல்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கிவிடும். எந்த நரம்பும் அவற்றுக்குக் கட்டளையிடுவதில்லை.

துடிக்கும் செல்கள் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. தட்டின் அடியில் ஒட்டிக் கிடக்கும் செல்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு, அசையாத பிளாஸ்டிக்கை இழுக்கின்றன. இதயமோ ஒரு பம்பு. எவ்வளவு வலுவாக இழுக்கிறது, எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்பதுதான் அதைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒட்டிக் கிடக்கும் செல்களிடம் அதற்குச் சரியான பதில் கிடைக்காது.

ஜெர்மானியர்களான தாமஸ் எஷன்ஹாகனும் வொல்ஃப்ராம் சிம்மர்மனும் இந்த இடத்தில்தான் பெரும்பங்கு ஆற்றினார்கள். கோழிக்கருவின் இதயச் செல்களைக் கொலாஜன் கூழில் வளர்த்து, இழுவிசையை அளக்கக்கூடிய இதயத் திசு 1997-லேயே உருவாகியிருந்தது. எஷன்ஹாகனின் ஹாம்பர்க் ஆய்வகம் பின்னாளில் அதை மிக எளிமையாக்கியது. நம் இரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜென், த்ராம்பின் என்ற இரண்டு பொருள்களையும் சுமார் 10 லட்சம் இதயச் செல்களோடு கலந்து, சிறு பள்ளத்தில் ஊற்றுகிறார்கள். பள்ளத்துக்குள் மேலிருந்து இரண்டு சிலிகோன் தூண்கள் இறங்கியிருக்கும். கலவை உறைந்து, துணி உலர்த்தக் கட்டிய கொடிபோல இரண்டு தூண்களுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளும். நாள் செல்லச் செல்லச் செல்கள் நீண்டு, தூண்களுக்கிடையிலான ஒரே திசையில் அணிவகுக்கின்றன. பிறகு எல்லாம் சேர்ந்து துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் தூண்கள் உள்நோக்கி வளைகின்றன. மேலே ஒரு கேமரா. தூணின் விறைப்பு முன்பே தெரியும் என்பதால், எவ்வளவு வளைந்தது என்று பார்த்தாலே இழுவிசை தெரிந்துவிடும். மருந்தை ஒரு சொட்டு விட்டு அளவு எப்படி மாறுகிறது என்று நாள்கணக்கில் பார்க்கலாம். இதயத் திசு ஆய்வில் நடந்த மற்ற எதையும்விட, இந்த இரண்டு தூண்களைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஆனாலும் ஒரு பெரிய குறை இருந்தது. இன்றும் முழுதாகத் தீரவில்லை. இப்படிப் பிறக்கும் செல்கள் கருவிலிருக்கும் குழந்தையின் இதயச் செல்களைப் போன்றவை. வளர்ந்த இதயச் செல் நீண்ட கம்பி வடிவம். இவை உருண்டையும் கோணலுமாக இருக்கும். வளர்ந்த செல் பெரும்பாலும் கொழுப்பை எரித்து ஆற்றல் பெறும். இவை சர்க்கரையை நம்புகின்றன. கால்சியம் சமிக்ஞையைச் செல்லின் ஆழத்துக்குக் கொண்டுபோகும் நுண்குழல்கள் இவற்றில் இல்லை. நலமான வளர்ந்த இதயம் வேகமாகத் துடிக்கும்போது வலுவாகவும் இழுக்கும். இவை வேகம் கூடினால் சோர்கின்றன. அறுபது வயதில் வரும் நோயைக் கருவின் செல்லில் எப்படித் தேடுவது?

2018-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோர்டானா வுன்யாக்-நோவகோவிச் குழு இதற்கு ஒரு பதில் தந்தது. செல்கள் துடிக்கத் தொடங்கிய உடனேயே, இளகிய பருவத்திலேயே, தூண்களுக்கிடையே மாட்டி மின்தூண்டல் கொடுத்தார்கள். நொடிக்கு 2 துடிப்பில் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, 6 வரை கொண்டுபோனார்கள். நான்கு வாரத்தில் அந்தத் திசுவில் நுண்குழல்கள் தோன்றியிருந்தன. வேகம் கூடியபோது இழுவிசையும் கூடியது. வேலைப்பளு ஏற ஏறத்தான் இதயத் தசை இதயத் தசையாகிறது. சரியான காலத்தில் அந்தப் பளு கிடைக்காவிட்டால், அது முழுதாகப் பக்குவப்படுவதில்லை.

நோயைப் பிடிக்க இது எப்படி உதவுகிறது? பார்த் நோய்க்குறி என்ற அரிய பரம்பரை நோய், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருவது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுக்குத் தேவையான ஒரு கொழுப்பைப் பக்குவப்படுத்தும் மரபணு பழுதாகி, இதயம் வலுவிழக்கும். ஹார்வர்டிலும் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலும் வில்லியம் பூ, கெவின் கிட் பார்க்கர் குழுவினர் 2014-ல், நோயாளிகளின் தோலிலிருந்து இதயத் திசு உருவாக்கி மெல்லிய படலத்தில் வளர்த்தார்கள். துடிக்கும்போது படலம் சுருள வேண்டும்; நோயாளிகளின் திசு பலவீனமாகவே சுருண்டது. பழுதான மரபணுவின் வேலையைத் திருப்பித் தந்ததும் வலு மீண்டது. நலமான செல்லில் அதே பழுதை வேண்டுமென்றே உண்டாக்கியபோது வலு போனது. இரண்டு பக்கமும் இப்படிச் சோதித்துப் பார்த்த பிறகுதான் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. நோயாளியின் உடலில் அந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

இப்படி ஆய்வகத்தில் வளர்த்த இதயத் திசுக்கள் விண்வெளிக்கும் போய்வந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 மார்ச்சில் 48 மாதிரிகளைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி ஒரு மாதம் வைத்துப் பார்த்ததில், பூமியில் இருந்தவற்றைவிட இழுவிசை கிட்டத்தட்டப் பாதியாகியிருந்தது, தாளமும் தவறியிருந்தது. சிகிச்சை வழியிலும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். இப்படி வளர்த்த தசைத் துண்டைச் செயலிழக்கும் இதயத்தின் மேல் ஒட்டும் முயற்சி, குரங்குகளில் தொடங்கி ஒரு நோயாளி வரை வந்ததை சிம்மர்மன் குழு 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அது நெடும்பயணத்தின் தொடக்கம் மட்டுமே. தட்டில் வளரும் திசுவில் இரத்தம் ஓடும் குழாய்கள் இல்லை. ஆகவே தடிமன் கூடினால் நடுவிலிருக்கும் செல்கள் ஆக்சிஜன் இன்றிச் சாகும். தட்டில் முழு இதயம் வளர்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம்மவர்களைத் தொடும் கேள்வியும் இதில் உண்டு. இதயத் தசை இழைகளின் இழுப்பை ஒழுங்குபடுத்தும் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம், தெற்காசியரில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் பலருடன் சேர்ந்து 2009-ல் அதை இதயச் செயலிழப்போடு தொடர்புபடுத்தினார்கள். ஆனால் அந்த மாற்றம் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. 2018-ல் சக்திவேல் சடையப்பன் குழு, அவர்களில் சிலரிடம் அதே மரபணுவில் இரண்டாவது மாற்றம் ஒன்றும் சேர்ந்திருப்பதைக் கண்டது. அத்தகையவர்களின் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இதயச் செல்கள் பருத்திருந்தன, கால்சியம் ஓட்டமும் ஒழுங்கற்றிருந்தது. ஒரே குடும்பத்தில் ஒரே மாற்றத்தோடு பிறந்த அண்ணனுக்கு இதயம் தளர்ந்து, தம்பி எண்பது வயது வரை நன்றாக இருந்தால், இருவரின் இரத்தத்திலிருந்தும் திசு உருவாக்கி, ஒரே பளுவை ஏற்றி, இழுவிசையை ஒப்பிட்டுப் பார்க்க இன்று வழி இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரின் செல்களை எவ்வளவு சோதித்தாலும் இந்தக் கேள்விக்கு விடை வராது. நம் ஊர் நோயாளிகளிடமிருந்தும் நலமாயிருக்கும் அவர்களுடைய உறவினர்களிடமிருந்தும் செல்களைப் பெற்று, சேமித்து, இங்கேயே திசு வளர்க்கும் ஆய்வகங்கள் வேண்டும்.