பழைய மோட்டார் சைக்கிளும் அதன் பக்கத்தாங்கியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலராசிரியர் பணித்தபோது, சமயம் பற்றியோ இலக்கியம் பற்றியோ யான் எழுதுவேன் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யான் எழுதத் துணிந்ததோ ஒரு முழ நீளமும் இல்லாத இரும்புக் காலொன்றைப் பற்றி. பக்கத்தாங்கி என்றால் சிலர் மயங்குவர். வண்டியை நிறுத்தியதும் இடப்புறத்தில் காலால் தட்டி இறக்கும் ‘சைட் ஸ்ராண்ட்’ என்றால் மாணவர் அனைவரும் அறிவர்.

என் தந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவர் எனக்கு விட்டுச்சென்ற பொருள்களுள் யான் பெரிதும் போற்றுவது அவருடைய பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிள். பேர்மிங்காம் நகரத்து நிறுவனம் 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட 350 சி.சி. இனம் அது. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றுக்குப் பின்தாங்கியோ நடுத்தாங்கியோதான் முதன்மையானது. பக்கத்தாங்கி வேண்டுவோர் தனியே விலைகொடுத்து வாங்கிப் பூட்டிக்கொண்டனர். எங்கள் வண்டிக்கும் அவ்வாறே பின்னர்ப் பூட்டப்பட்டது.

அரசாங்க நீர்ப்பாசனப் பணியின்பொருட்டு வில்கமுவவுக்குச் சென்றபோது அவ்வண்டியையும் உடன்கொண்டு சென்றேன். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், வஸ்கமுவ வனத்தை அடுத்துள்ள வயல்நிலம் அது. வடகீழ்ப் பருவமழை பொழியும் மார்கழியில் வாய்க்கால் வரம்புகள் களியாய் இளகிவிடும். அத்தகைய மாலையொன்றில் வண்டியைத் தெருவோரத்தில் நிறுத்திவிட்டு நீர்மட்டம் பார்க்கச் சென்றேன். தாங்கியின் அடி மெல்ல மெல்ல மண்ணுட் புதைந்தது. வண்டியை வியந்து நோக்கிக்கொண்டிருந்த அயல்வீட்டுச் சிறுவன் காலை இழுத்துக்கொண்டமையால் தப்பினான். கிளச்சுப் பிடி முறிந்தது. தாங்கி இருந்த இடப்புறத்திலேயே பெற்றோல் தாங்கி நசுங்கிற்று.

“கால் குட்டையாகிவிட்டது” என்று கூறிக் கொல்லர் ஒருவர் அதனை இரண்டு அங்குலம் நீட்டித் தந்தார். ஒரு கிழமைக்குள் வண்டி வலப்புறமாக விழுந்தது. இடப்புறப் பிடிக்கு ஈடாக வலப்புறத்துப் பிரேக்குப் பிடியும் முறிந்தது. கல்லூரியில் பயின்ற பௌதிகம் அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

முன்சில்லு, பின்சில்லு, தாங்கியின் அடி ஆகிய மூன்றும் நிலத்திற் பதியும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் அமையும். வண்டியின் புவியீர்ப்பு மையத்திலிருந்து இறக்கிய நிலைக்குத்துக்கோடு அம்முக்கோணத்தினுள் விழும்வரை வண்டி நிற்கும். சில்லுகளின் கோட்டிலிருந்து தாங்கியின் அடி 12 அங்குலம் விலகியிருப்பதாகக் கொள்வோம். தாங்கியின் அடியை 1 அங்குலம் உயர்த்தினால் வண்டியின் சாய்வு ஏறத்தாழ 5 பாகை குறையும். இரண்டு அங்குலம் கூட்டியமையால் 10 பாகை போயிற்று. இயல்பாயிருந்த சாய்வே ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே வண்டி நேராக நின்றது. இடப்புறம் சற்று மேடான நிலத்தில் நிறுத்தியதும் அந்தக் கோடு வலப்புறச் சில்லுக்கோட்டைத் தாண்டிற்று.

உண்மையான குற்றமோ வேறிடத்தில் இருந்தது. தாங்கி சுழலும் துளை தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. காலைத் தடுத்து நிறுத்தும் முட்டும் தேய்ந்திருந்தது. ஆகவே கால் அளவுக்குமேல் முன்னே சென்று, வண்டி தாழச் சாய்ந்தது. துளையைச் செவ்வட்டமாகக் கடைந்து வெண்கலப் புஷ் இட்டு, அதற்கிசைந்த போல்ற்றைப் பூட்டி, முட்டுக்கு இரும்பு ஏற்றி அராவியதும் பெரும்பகுதி தீர்ந்தது. இன்னும் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிடலாகாது. பெற்றோலை நிரப்பிச் சமதரையில் வண்டியை நிறுத்தித் தாங்கியின் அடியில் மெல்லிய பலகைத்துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். சாய்வு திருத்தமாகும்போது பலகையின் தடிப்பே நீட்டவேண்டிய அளவு. எனக்கு வேண்டியது கால் அங்குலமே! மேலும், நம் நாட்டில் இடப்புறமாகவே வண்டி செலுத்துகிறோம். தெருவோரமும் இடப்புறமாகவே சரிவது. அச்சரிவுக்கும் சிறிது இடம்விட வேண்டும்.

புதைவதற்கு மருந்து வேறு. வண்டி 350 இறாத்தல், புவியீர்ப்பு மையம் 20 அங்குல உயரம், சாய்வு 10 பாகை எனக் கொண்டால் தாங்கியின்மேல் விழும் பாரம் ஏறத்தாழ 100 இறாத்தல். ஒரு சதுர அங்குல முனையில் அது முழுவதும் இறங்கினால் களிமண் எவ்வாறு பொறுக்கும்? மூன்று அங்குலச் சதுரத் தகடொன்றைப் பொருத்தினால் சதுர அங்குலத்துக்கு 11 இறாத்தலே வரும். தகட்டின் ஓரங்களை மேல்நோக்கி வளைத்தல் நன்று. கூரிய ஓரம் மண்ணை வெட்டும்.

தாங்கியை நேரே சட்டகத்தில் வெல்டிங் செய்துவிடலாம் என்றார் வேறொருவர். இதற்கு மட்டும் யான் இணங்கவில்லை. அக்காலச் சட்டகங்களின் குழாய்கள் வார்ப்பு மூட்டுகளிற் பித்தளையால் பற்றவைக்கப்பட்டவை. அருகில் மிகுவெப்பம் பட்டால் அப்பற்று இளகும். குழாயைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டியே தக்கது. பழைய காலையும் வெட்டாமல், அதன் அளவில் புதியதொன்று செய்வித்து, மூலத்தை எண்ணெய்த்துணியிற் சுற்றி வைத்துள்ளேன்.

சுருள்வில்லையும் மறவாதீர். மடக்கினும் இறக்கினும் அது சுழலச்சின் அப்புறத்துக்குத் தாண்டி நின்று காலை இறுகப் பிடித்தல் வேண்டும். தளர்ந்தால் ஓடும்போது கால் தானே இறங்கும். தற்கால வண்டிகளில் தாங்கி இறங்கியிருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் மின்விசை உண்டு. பி31 இல் இல்லை. ஹசலகவுக்கு மேலுள்ள பதினெட்டு வளைவில் இடப்புறம் திரும்பும்போது இறங்கிய கால் தெருவைக் குத்தினால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க விரும்பவில்லை.

ஏற்றத்தை நோக்கி, கியரில் இட்டு நிறுத்துக. இறக்கத்தை நோக்கி நின்றால் வண்டி முன்னே நகரக் கால் மடங்கிவிடும். தாங்கியில் நிற்கும்போது மேலேறியிருந்து உதைத்து இயக்கற்க. அப்பாரம் புதிய புஷ்ஷையும் தேய்க்கும். சாய்ந்து நிற்கையில் காபரேற்றர் வழிதலும் உண்டாதலால், பெற்றோல் குழாயை மூடிவிடுதல் நலம்.

அதன்பின் வண்டி ஒருமுறையும் விழவில்லை. எனினும் இரு வீழ்ச்சிகளையும் நேரிற் கண்ட அச்சிறுவன், அதனருகே வரும்போதெல்லாம் இடப்புறமும் நிற்பதில்லை, வலப்புறமும் நிற்பதில்லை. முகவிளக்கின் முன்னாலேயே நிற்கிறான்.